செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

தளவாய் என்பது தமிழருக்குப் புதிய சொல் அன்று. மதுரை நாயக்கர் அரசில் தளவாய் அரியநாத முதலியார் இருந்தார். திருமலை நாயக்கரிடம் தளவாய் இராமப்பையன் இருந்தார். திருவிதாங்கூரில் வேலுத்தம்பித் தளவாய் இருந்தார். தளம் என்றால் படை. படையை நடத்துபவர் தளவாய். அரசன் அரியணையில் வீற்றிருந்து ஆணையிடுவான்; தளவாய் களத்தில் நின்று அதனை முடித்துக் கொடுப்பார். இதுவே முறை. ஆயின், இம்முறை தலைகீழாகித் தளவாய் ஆணையிட அரசன் அடங்கியிருந்த காலங்களும் வரலாற்றில் உண்டு. அவ்வாறு நேர்ந்த நாடுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போரில் யார் பற்றுடையவர், யார் இரண்டகர் என்று பிரித்துச் சொல்வதும் அரிதாயிற்று. இதற்குக் கடல் கடந்த உரோமில் ஒரு சான்று உண்டு. நாம் படிக்கும் மைசூரிலேயே மற்றொரு சான்று உண்டு. முன்னதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டுப் பின்னதற்கு வருவோம்.

உரோமில் ஒரு தளவாய்

உரோமானியப் பேரரசின் மேற்குப் பகுதியை நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் வாலெண்டினியன் என்னும் இளைஞன் ஆண்டான். ஆண்டான் என்பது பெயரளவுக்குத்தான். படை முழுவதும் ஆர்போகாஸ்ட் என்னும் பிராங்கு இனத் தளபதியின் கையில் இருந்தது. மனம் புழுங்கிய மன்னன் ஒரு நாள் அரியணையில் அமர்ந்து, பதவி நீக்க ஆணையை எழுதித் தளபதியின் கையிலேயே கொடுத்தான். ஆர்போகாஸ்ட் அதைப் படித்தான். இந்தப் பதவி நீ கொடுத்தது அன்று, ஆதலால் நீ எடுக்கவும் இயலாது என்று சொல்லி, ஓலையைக் கிழித்தெறிந்து போனான். 392-ஆம் ஆண்டு மே மாதம் மன்னன் தூக்கில் தொங்கக் காணப்பட்டான். தற்கொலையா, கொலையா என்ற ஐயம் அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

ஆர்போகாஸ்ட் தானே முடிசூடிக்கொள்ளவில்லை. பிராங்கு இனத்தான் ஒருவனை உரோமர் அரசனாக ஏற்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே சொல்லாட்சிக் கலை கற்பித்து வந்த யூஜீனியஸ் என்பவரை அரியணையில் ஏற்றினான். கிழக்குப் பேரரசர் தியோடோசியஸ் இதனை ஒப்பவில்லை. 394 செப்டம்பரில் பிரிஜிடஸ் ஆற்றங்கரையில் இரு படைகளும் மோதின. முதல் நாள் வெற்றி ஆர்போகாஸ்ட் பக்கம். ஆனால் பகைவரின் பின்புறத்தை மறிக்க அவன் அனுப்பிய படைப்பிரிவு, உயர் பதவி தருவதாகச் சொன்ன சொல்லுக்கு மயங்கி, இரவோடு இரவாகத் தியோடோசியஸ் பக்கம் சேர்ந்துவிட்டது. மறுநாள் எதிர்முகமாகச் சூறைக்காற்றும் வீசியது. யூஜீனியஸ் தலை இழந்தார். ஆர்போகாஸ்ட் மலைகளில் அலைந்து, தன் வாளாலேயே மாண்டான்.

படைவீரன் அரசனை நோக்கி நிற்காமல், தனக்குச் சம்பளம் அளப்பவனை நோக்கி நிற்பானாயின், இன்னொருவன் கூட அளக்கும்போது அவன் திரும்பி நிற்கவும் கூடும். இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு காவிரிக் கரைக்கு வருவோம்.

மைசூரின் தளவாய்கள்

சிக்கதேவராஜ உடையார் 1704-இல் மறைந்த பின், மைசூர் அரியணையில் வலிமை மிக்க மன்னர் எவரும் அமரவில்லை. அதிகாரம் சிறிது சிறிதாகக் களலைக் குடும்பத்துத் தளவாய்களிடம் சென்றது. 1732-இல் பட்டத்துக்கு வந்த சாமராஜ உடையார் இந்தப் பிடியிலிருந்து விடுபட முயன்றார். இரண்டே ஆண்டுகளில் தளவாய் தேவராஜர் அவரைப் பிடித்துக் கப்பால்துர்க்கத்து மலைக்கோட்டையில் அடைத்தார். மன்னர் அங்கேயே இறந்தார். பிறகு சிறு பிள்ளை ஒருவரைத் தேடி எடுத்து, இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் என்று பட்டம் கட்டினார்கள். ஆண்டு 1734. தளவாய் தேவராஜரும், சர்வாதிகாரியாக இருந்த அவர் தம்பி நஞ்சராஜரும் நாட்டை நடத்தினார்கள்.

நஞ்சராஜர் வெறும் வாள்வீரர் அல்லர். கன்னடத்திலும் வடமொழியிலும் புலமை மிக்கவர்; சங்கீத கங்காதரம் என்னும் வடமொழி நூலை இயற்றியவர். தம் மகளையே மன்னருக்கு மணம் செய்து கொடுத்தவர். ஆயினும், மன்னர் வளர்ந்து தலைநிமிர முயன்றபோது, மருமகன் என்றும் பாராமல் அரண்மனை வாயிலைப் பீரங்கி கொண்டு உடைத்தவரும் அவரே. மன்னருக்குத் துணை நின்றோரின் மூக்கும் காதும் அவர் கண்ணெதிரிலேயே அறுக்கப்பட்டன. இந்தக் கொடுமையைப் பொறாத அண்ணன் தேவராஜர் 1757-இல் தலைநகரை விட்டுச் சத்தியமங்கலத்திற்குச் சென்றுவிட்டார்.

திருச்சியில் தொலைந்த பொருள்

இந்தத் தளவாய் ஆட்சி எப்படிச் சரிந்தது? அதற்கு விடை மைசூரில் இல்லை; நம் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்ட காலம் அது. திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டிருந்த முகமது அலி, உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாக நஞ்சராஜருக்கு வாக்களித்தார். நஞ்சராஜர் பெரும்படையோடு வந்தார். 1752-இல் சந்தா சாகிபு வீழ்ந்தார். ஆனால் முகமது அலி வாக்கைக் காப்பாற்றவில்லை. கையில் பட்ட திருவரங்கத் தீவிலே தங்கி, இன்று கிடைக்கும் நாளை கிடைக்கும் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, 1755-இல் நஞ்சராஜர் வெறுங்கையோடு திரும்பினார். மைசூர்க் கருவூலம் காவிரி மணலில் கரைந்து போயிற்று.

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்த விருந்தாளிகளும் உண்டு. அதே 1755-இல் ஐதராபாத்து நிசாம் சலாபத் ஜங், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோடு சீரங்கப்பட்டணத்தின் முன் வந்து நின்றார். 56 லட்சம் ரூபாய் தருவதாகப் பேசி முடிக்க வேண்டியதாயிற்று. அரண்மனை நகைகளும் கோயில் வெள்ளியும் எடுத்துக் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கே தேறியது. இரண்டு ஆண்டு கழித்துப் பேஷ்வா பாலாஜி ராவ் வந்தார். அவருக்குப் பல பகுதிகளை ஈடாகக் கொடுத்தார்கள். ஈடு போன நிலத்தின் வரி வராது. வரி வராவிட்டால் படைக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத படை என்ன செய்யும்? 1758-இல் நஞ்சராஜரின் வாசலை மறித்துத் தருணா உட்கார்ந்தது. உள்ளே சோறு தண்ணீர் போகவிடாமல், கடன் கொடுத்தவன் கடன்பட்டவன் வாசலில் உட்காரும் பழைய வழக்கம் அது. கேட்டவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். உழைத்த கூலியைக் கேட்டவர்கள்.

ஐதரும் காண்டே ராவும்

அந்த இக்கட்டில் கைகொடுக்க வந்தவர் ஐதர் அலி. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிவைக் கண்டு, 50 குதிரை வீரருக்கும் 200 காலாட்களுக்கும் அவரைத் தலைவராக்கியவர் நஞ்சராஜரே. திருச்சிப் போரில் ஐதர் வளர்ந்தார். 1755-இல் திண்டுக்கல் பௌஜ்தார் ஆனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒரு முறை கேட்ட கணக்கை மறவாதவர்.

அவருக்குக் கண்ணும் எழுத்தாணியுமாக விளங்கியவர் காண்டே ராவ் என்னும் பிராமணக் கணக்கர். ஐதரின் வீரர்கள் கொள்ளையில் கொணரும் பொருளில் வீரனுக்கு இவ்வளவு, தலைவனுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, ஒரு காசும் தவறாமல் கணக்கு வைத்தவர் அவரே. ஐதரின் படை பெருகப் பெருக அதற்குரிய சம்பளமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்றால், அதில் பாதிப் புகழ் காண்டே ராவின் ஏட்டுக்கு உரியது.

1758-இல் இருவரும் சேர்ந்து தலைநகரில் படைக் கணக்கைப் பார்த்தார்கள். பொய்க்கணக்கு எவ்வளவு, மெய்க்கணக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள். மெய்யான பாக்கியைத் தீர்த்தார்கள். 4,000 குதிரை வீரரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். தருணா கலைந்தது. தளவாயால் கொடுக்க முடியாத சம்பளத்தை ஐதர் கொடுத்தார் என்பதைப் படை முழுவதும் கண்டது. உண்மையில் ஆட்சி கைமாறியது அன்றுதான். மற்றவை எல்லாம் அதன் பின்விளைவுகள்.

அடுத்த ஆண்டே நஞ்சராஜரின் பதவி போயிற்று. மூத்த அரசி தேவாஜம்மணியும் காண்டே ராவும் ஐதரும் ஒன்றுகூடிச் செய்த ஏற்பாடு அது. பதவி இழந்த நஞ்சராஜர் மைசூர்க் கோட்டைக்குள் வந்து தங்கினார். படையைக் கலைத்துவிட்டு இன்னும் விலகிப் போகும்படி ஐதர் சொல்ல, அவர் மறுக்க, மைசூர் மூன்று மாதம் முற்றுகையில் கிடந்தது. முடிவில் நஞ்சராஜர் கோணனூருக்குப் போனார்.

அரசி நினைத்தது வேறு; நடந்தது வேறு. தளவாய் ஒழிந்தால் மன்னர் தலைநிமிர்வார் என்று அவர் எண்ணினார். ஆனால் படைச் செலவுக்காக நாட்டின் பாதி வருவாய் ஐதர் கைக்குப் போய்விட்டது. பழைய பூட்டைக் கழற்றிப் புதிய பூட்டு மாட்டியதுபோல் ஆயிற்று. இதை அரசியைப்போலவே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் காண்டே ராவ்.

1760 ஆகஸ்டு 12

1760-இல் பிரெஞ்சுக்காரரோடு உடன்பாடு செய்துகொண்ட ஐதர், தம் மைத்துனர் மக்தூமின் தலைமையில் படையின் சிறந்த பகுதியைப் புதுச்சேரி பக்கம் அனுப்பியிருந்தார். தியாகதுர்க்கம் கோட்டை கைக்கு வந்திருந்தது. சீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்கு வெளியே, சில நூறு வீரர்களோடு ஐதர் தங்கியிருந்தார். இந்த வேளையை விட்டால் வேறு வேளை இல்லை. அரசியும் காண்டே ராவும் மராத்தியத் தலைவர் விசாஜி பண்டிதரை உதவிக்கு அழைத்தார்கள்.

ஆகஸ்டு 12 காலையில் கோட்டைப் பீரங்கிகள் ஐதரின் பாசறையை நோக்கி முழங்கின. ஐதர் திடுக்கிட்டு, காண்டே ராவை அழைத்து வாருங்கள் என்றாராம். பீரங்கிகளை நடத்துபவரே அவர்தாம் என்று விடை வந்ததாம். அன்றிரவு ஐதர் ஒருசில குதிரை வீரர்களோடு காவிரியைக் கடந்து ஆனேக்கல் வழியாகப் பெங்களூருக்கு ஓடினார். மனைவி மக்களைக்கூட உடன் கொண்டுபோக முடியவில்லை. பத்து வயதும் நிரம்பாத சிறுவன் திப்புவும் காண்டே ராவின் கையில் அகப்பட்டான். காண்டே ராவ் அக்குடும்பத்துக்குத் தீங்கு எதுவும் இழைக்கவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பெங்களூரில் கோட்டை மட்டும் இருந்தது, பணம் இல்லை. நகரத்து வணிகர்கள் ஐதரின் சொல்லை நம்பிக் கடன் கொடுத்தார்கள். பாராமகாலைத் தருவதாக உறுதி கூறியும் பணம் கொடுத்தும் விசாஜி பண்டிதரை விலக்கினார் ஐதர். வடக்கே பானிபட்டில் 1761 சனவரி 14-இல் மராத்தியர் பேரழிவு கண்ட காலம் அது. தெற்கே நெடுநாள் தங்க அவர்களுக்கு நேரமும் இல்லை.

எஞ்சியவர் இருவர். முன்பு எசமானும் கணக்கரும். இப்போது எதிரெதிர்த் தளபதிகள். நஞ்சன்கூட்டுக்கு அருகே இருவரும் மோதினார்கள். வென்றவர் காண்டே ராவ். எழுத்தாணி பிடித்த கை வாளையும் பிடிக்க வல்லது என்று காட்டிவிட்டார். மன்னர் அவர் பக்கம்; அரசி அவர் பக்கம்; தலைநகர் அவர் பக்கம்; வெற்றியும் அவர் பக்கம். ஆயினும் முடிவில் தோற்றவர் அவரே. ஏன்?

போகாத கடிதங்கள்

தோற்ற ஐதர் நேரே கோணனூர் சென்றார். யாருடைய பதவியைப் பறித்தாரோ, அந்த நஞ்சராஜரின் காலில் விழுந்தார். என் துன்பமெல்லாம் தங்களுக்குச் செய்த நன்றிகேட்டின் பயனே. இனித் தங்களுக்கே ஊழியம் செய்வேன் என்று இரந்தார். நஞ்சராஜர் மனம் இளகிற்றா, பழைய பதவியின் ஆசை மீண்டும் துளிர்த்ததா? இரண்டும் இருக்கலாம். தம்மிடம் இருந்த சிறு படையைக் கொடுத்தார். தம் பெயரையும் முத்திரையையும் கொடுத்தார். அந்த முத்திரையே போரை முடித்தது.

காண்டே ராவ் கட்டெ மளலவாடியில் படையோடு வந்து நின்றார். எதிர்த்து நிற்க ஐதரிடம் போதிய ஆள் இல்லை. அவர் நஞ்சராஜரின் முத்திரையிட்டுச் சில கடிதங்களை ஆயத்தம் செய்தார். எல்லாம் காண்டே ராவின் படைத்தலைவர்களுக்கு முகவரியிட்டவை. சொன்னபடியே காண்டே ராவைப் பிடித்து ஒப்படையுங்கள். பேசிய பரிசு காத்திருக்கிறது என்பது அவற்றின் கருத்து. அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்லை. கடிதங்கள் உரியவரிடம் போய்ச் சேரவும் வேண்டியதில்லை. காண்டே ராவின் காவலர் கையில் சிக்கினால் போதும். அவ்வாறே சிக்கின.

காண்டே ராவ் படித்தார். ஒருவரையும் அழைத்து உசாவவில்லை. குதிரையில் ஏறி, சீரங்கப்பட்டணத்துக்குத் தனியே விரைந்தார். தலைவன் இல்லாத படையை முன்னும் பின்னும் தாக்கி ஐதர் சிதறடித்தார்.

கூர்த்த மதி படைத்த காண்டே ராவ் இந்தப் பொய்யை ஏன் நம்பினார்? ஒரு பொய் நம்பப்பட வேண்டுமானால் அது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தச் சில ஆண்டுகளில் அவர் கண்டது என்ன? மருமகனின் அரண்மனையை மாமனார் சுட்டார். வளர்த்துவிட்ட நஞ்சராஜரை ஐதர் கவிழ்த்தார். அந்த ஐதரைத் தாமே கவிழ்த்தார். பகைவரான இருவரும் கோணனூரில் கைகோத்தார்கள். இத்தனையும் கண்டவர், தம் படைத்தலைவர்களும் விலை போயிருப்பார்கள் என்று எண்ணியதில் வியப்பு இல்லை. பிரிஜிடஸ் ஆற்றங்கரையில் ஆர்போகாஸ்டின் படைப்பிரிவு மெய்யாகவே விலை போயிற்று. காவிரி நாட்டில் எவரும் விலை போகவில்லை. போயிருப்பார்கள் என்ற அச்சம் ஒன்றே போதுமாயிற்று.

பாலும் சோறும்

1761-இல் சீரங்கப்பட்டணம் பணிந்தது. மன்னர் செலவுக்கு மூன்று லட்சமும் நஞ்சராஜருக்கு ஒரு லட்சமும் தரும் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. மற்ற நாடெல்லாம், படைச் செலவுக்காக, ஐதர் கைக்குப் போயிற்று. காண்டே ராவை ஒப்படைக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. அவருக்காக அரண்மனை மகளிர் இரந்து வேண்டினர். உயிருக்குத் தீங்கு செய்யமாட்டேன், கிளியைப்போல் வளர்ப்பேன் என்று ஐதர் வாக்களித்தார். வாக்கை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்: பெங்களூரில் ஓர் இரும்புக் கூண்டு, உண்ணப் பாலும் சோறும், சாகும்வரை அதுதான் வாழ்வு.

இக்கதை பெரும்பாலும் மார்க் வில்க்ஸ் வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. அவர் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர். 1810-இல் தம் தென்னிந்திய வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டவர். ஐதரின் வீட்டை அழித்த தரப்பினர் எழுதியது என்பதை நினைவில் வைத்தே அதனைப் படிக்க வேண்டும். இந்தச் சண்டையைச் சமயச் சண்டையாகக் காட்டுவோரும் உண்டு. ஐதருக்குக் கணக்கெழுதியவர் பிராமணர். அவரைக் காப்பாற்றிய நஞ்சராஜர் சிவநெறிச் செல்வர். ஆதலின் அந்தக் கூற்று இங்கே நில்லாது. இது சம்பளத்தைப் பற்றிய சண்டை. அதிகாரத்தைப் பற்றிய சண்டை.

கடன் யாருக்கு?

தமிழர் செஞ்சோற்றுக் கடன் என்று ஓர் அறம் வகுத்திருக்கிறார்கள். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது அது. கர்ணன் கதையில் நம் உள்ளத்தை உருக்குவது அதுவே. அந்த அளவுகோலால் காண்டே ராவை அளந்து பாருங்கள். அவர் உண்டது ஐதரின் சோறா? ஆம், ஐதரே அவரை உயர்த்தினார். அவ்வாறாயின் அவர் இரண்டகர். அவர் உண்டது மைசூர் மன்னரின் சோறா? அதுவும் ஆம். ஐதரின் சம்பளமே மன்னரின் நிலத்திலிருந்து வந்ததுதானே? அவ்வாறாயின் அவர் பற்றுடையவர். ஒரே செயல் ஒரு கணக்கில் இரண்டகம். மறு கணக்கில் கடமை. குறை காண்டே ராவிடம் மட்டும் இல்லை. ஒரே சோற்றுக்கு இரண்டு எசமானர்களை ஏற்படுத்திய அரசியலிடமும் இருக்கிறது.

ஐதரைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் அன்று. கலைந்து கிடந்த நாட்டை ஒன்றாக்கியவர் அவர். ஆங்கிலேயர் அஞ்சிய படையை அமைத்தவர் அவர். 1782-இல் சாகும்வரை அவர் முடி சூடவில்லை. கிருஷ்ணராஜ உடையார் 1766-இல் மறைந்த பின்னும் உடையார் குடும்பத்துப் பிள்ளைகளையே அரியணையில் இருத்தி, தசராவில் மக்களுக்குக் காட்டினார். ஆர்போகாஸ்ட் யூஜீனியஸைத் தேடியதன் காரணமும் இதுவே. வாளால் பெறமுடியாத ஒன்று அரியணையில் இருப்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். மேற்கு உரோமின் கடைசிச் சிறு மன்னன் ரோமுலஸை 476-இல் ஓடோவாக்கர் என்னும் தளபதி கொல்லாமல், ஆண்டுத் தொகை கொடுத்து அனுப்பிவைத்தான். மைசூர் மன்னர் பெற்ற மூன்று லட்சத்தைப் பார்க்கும்போது அந்தத் தொகை நினைவுக்கு வருகிறது.

இன்று நம் படை எந்தத் தளவாயின் படையும் அன்று. வீரனின் சம்பளம் நாடாளுமன்றம் ஒப்பும் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. அவன் உறுதிமொழி அரசியலமைப்பின் பெயரால் எடுக்கப்படுகிறது. சலிப்பூட்டும் ஏட்டுச் செய்தி என்று இதனை நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் யாருடைய சோற்றை உண்கிறோம் என்ற ஐயம் எந்த வீரனுக்கும் எந்தக் கணக்கருக்கும் எழாதிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு இல்லாத காலத்தில், அறிவும் துணிவும் நிறைந்த ஒருவர் பாலும் சோறும் உண்டு கூண்டுக்குள் முடிந்தார். சீரங்கப்பட்டணம் இங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். அங்கே திப்பு விழுந்த இடத்தைக் காணப் போகும் நண்பர்கள், காண்டே ராவின் பீரங்கிகள் முழங்கிய மதில் அதுவே என்பதையும் எண்ணிப் பார்ப்பார்களாக.